கையைச் சுட்ட டைனமோ

கப்பலில் எண்ணெய் மிச்சம் பிடித்த பேரெல்லாம் சிவதாணுவுக்கே போனதாகப் பூதலிங்கத்துக்கு ஏழு வருஷ மனத்தாங்கல்.

வலியசாலைக்காரர்களான இருவரும் கப்பல் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு டைனமோக்களை ஓட்டியவர்கள். வலியதுறைக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பலுக்கு ஒரு டைனமோவே போதும். தலைமை எஞ்சினியரோ இரண்டையும் ஓட்டச் சொல்வார். பாதிச் சுமையில் இரண்டும் எண்ணெயை வீணாகக் குடித்தன.

"ஒத்தை மூட்டைக்கு ரெண்டு வண்டியாடே? அவரு வரும்போது ரெண்டாவதுல கையை வச்சு, சுட்டுட்டுன்னு கத்து," என்றார் சிவதாணு.

"பொய்யின்னு தெரிஞ்சா வேலை போயிருமே, அண்ணாச்சி!"

"போனா ரெண்டு பேருக்கும் போவட்டும்."

பூதலிங்கம் போட்ட கூச்சலில் எஞ்சினியரே பதறி, "அதை நிறுத்து!" என்றார். ஒரு விளக்கும் மங்கவில்லை, எண்ணெய் மிஞ்சியது; எண்ணெய்க் கணக்கில் மூத்தவரான சிவதாணுவின் பேர்தான் ஏறியது. அப்புறம் துறைதோறும் இதே கூத்து.

ஓய்வு பெற்று இறங்கிய அன்று, படகிலிருந்து சிவதாணு கடைசியாகக் கத்தினார்: "ஏலே, நாளைக்கும் மறக்காம கையைச் சுட்டுக்கோ!"