அண்ணைக்காகப் போட்ட வாக்கு

என்னிடம் பொய் சொல்லித் தப்புவது கடினம். பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு மளிகைக் கடையின் காசு மேசையில் பல வருடங்களாக இருப்பவள் நான். முருங்கைக்காயை எடுத்துப் பார்க்கிற விதத்திலேயே ஒருவர் வாங்குவாரா, விலை கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாரா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான், அரசியல் ஆய்வு செய்கிற பிரெஞ்சுப் பேராசிரியை ஒருவர் கடைக்கு வந்து தமிழர்களிடம் கேள்வி கேட்க ஆள் தேடியபோது, முதலாளி யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார்.

வெளிநாட்டில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், ஏன் என்பதுதான் ஆய்வு. இரண்டு சுற்றாக நடக்கிற சனாதிபதித் தேர்தலுக்கு முன்பு ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஞாயிறு மதியங்களிலும் திங்கள் மாலைகளிலும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியைச் சுற்றி வீடு வீடாகப் போனேன். எல்லோருடைய முதல் பதிலும் ஒன்றுதான். "எங்களுக்கு உந்த அரசியல் ஒண்டும் தெரியாது தங்கச்சி." பச்சைப் பொய். தேநீர் ஆறுவதற்குள் ஒவ்வொரு கட்சியையும் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். கடைசியில், யாருக்கு வாக்கு என்ற கேள்வி வரும்போது மட்டும், எனக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கிற பதிலைச் சொல்வார்கள். பேராசிரியையிடம் இதை முதல் வாரமே சொன்னேன். அவர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்.

அவர்களில் ஒருவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், எனக்கு ஆய்வுக்கு முன்பே பழக்கம். லா ஷப்பலை அடுத்த மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வதிவிட அனுமதிக் காகிதத்துக்காகப் பிரிபெக்த்தூர் என்ற அரச அலுவலகத்தின் வாசலில் விடியமுன் வரிசையில் நின்று, இரண்டு முறை மறுக்கப்பட்டு, வேலை முடிந்து வந்து பிரெஞ்சு படித்துக் குடியுரிமை எடுத்தவர். அவருடைய மனைவிக்கு இன்னும் குடியுரிமை இல்லை. அவருக்கு மச்சாள் முறையான, மனைவியின் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். முல்லைத்தீவிலிருந்து வந்தவள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, காகிதமே இல்லாமல், புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையில் துணி மடித்துப் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். பொலிசைக் கண்டால் அடுத்த தெருவுக்குள் இறங்கிவிடுவாள்.

நான் கேள்விகளோடு போன திங்கட்கிழமை, அவள்தான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பதில் சொன்னார். யாருக்கு வாக்கு என்று கேட்டதும் குசினிப் பக்கம் பார்த்தார். அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது ரகசியம் தங்கச்சி," என்றார். சொல்ல விரும்பவில்லை என்று பதிந்துகொண்டு எழுந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். முதல் சுற்று வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் அன்றைக்குத்தான் வேலை அதிகம். தன் வாக்கை வேறொருவர் போடச் சட்டப்படி அனுமதி கொடுக்கலாம், அதற்குப் புரொக்குராசியோன் என்று பெயர். எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. என்னால் முடியுமா என்று கேட்டார்.

"முடியும். ஆருக்குப் போட?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார். காகிதம் இல்லாதவர்களை எல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்புவோம் என்று மேடை மேடையாகச் சொல்கிற அதே கட்சி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. உங்கட வீட்டிலை ஆர் இருக்கிறா எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"அது வேறை, இது வேறை."

"என்ன வேறை?"

"மற்றக் கட்சிக்காரர் எலக்சனுக்கு எலக்சன் இஞ்சை வருகினம். வடை தின்னுகினம், போட்டோ எடுக்கினம், போயிடுகினம். இந்தக் கட்சிக்காரர் எங்களைப் பிடிக்காது எண்டு மூஞ்சைக்கு நேரை சொல்லுகினம். அது பறவாயில்லை எண்டு கிடக்கு எனக்கு. நான் வரிசையிலை நிண்ட மாதிரி எல்லாரும் நிக்கட்டும் தங்கச்சி."

வடைக் கதை உண்மைதான். அந்த வடையைப் பொதி செய்து கொடுத்தவளே நான்தான். ஆனால் அவருடைய மச்சாளும் வரிசையில் நின்றவள்தான்; நின்றும் கிடைக்காதவள். அதைச் சொன்னேன். அவர் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா யோசியுங்கோ," என்றேன். "என்னட்டைத் தந்தா நீங்கள் சொல்லுறதைத்தான் போடுவன். மாத்த மாட்டன்."

"ஓம், ஓம்," என்று சிரித்தார். மறுநாளே பொலிஸ் நிலையத்தில் அந்த அனுமதிக்கான பதிவை முடித்துவிட்டார். ஆனால் கடையில் அத்தனை நேரம் திருப்பிப் பார்த்த கொத்தமல்லியை வாங்காமலே போயிருந்தார். அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் பேராசிரியையைச் சந்தித்தேன். பதில் சொல்ல மறுத்தவர்களைப் பற்றி அவருக்குக் கவலை. அவர்களில் பலர் அந்தக் கட்சிக்குத்தான் போடுவார்கள், தங்கள் நலனுக்கு எதிராக ஏன் வாக்களிக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை என்றார். ஒரு மனிதருடைய நலன் எது என்று அவரைத் தவிர வேறு யார் தீர்மானிப்பது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அண்ணையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஆய்வுக்குச் சொல்லாததை என்னை நம்பிச் சொன்னார். அது என் வாயை விட்டு வராது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேசையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் பெயர் அச்சிட்ட தனித்தனிக் கடதாசிக் கட்டு. யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமலிருக்க ஒன்றுக்கு மேலே எடுத்து, மறைப்புக்குள் ஒன்றை மட்டும் உறையில் வைக்க வேண்டும். நான் எல்லாவற்றிலும் எடுத்தேன். முதலில் என்னுடைய வாக்கைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு அண்ணையின் உறையோடு மறுபடியும் மறைப்புக்குள் போனேன்.

அங்கே, சொல்ல வெட்கமில்லை, அழுகை வந்தது. கையில் அந்தக் கட்சியின் கடதாசி. கண்ணுக்குள் அந்தப் பிள்ளை தேநீரோடு நிற்கிறாள். வேறொரு கடதாசியை மடித்து உள்ளே வைத்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படிச் செய்தால் எனக்கு இரண்டு வாக்கு, அவருக்கு ஒன்றுமில்லை. அத்தனை வருடம் வரிசையில் நின்று அவர் வாங்கியதை ஒரு நிமிடத்தில் நான் எடுத்துக்கொள்வதா? அவர் சொன்னதையே வைத்தேன். பெட்டிக்குள் உறை விழுந்ததும், வாக்களித்தாயிற்று என்று மேசையில் இருந்தவர் உரக்கச் சொன்னார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

மூன்று மணியளவில், மதியச் சாப்பாட்டு வேலை ஓய்ந்ததும் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"போட்டியளோ?"

"போட்டனான்."

"எதை?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

அவர் வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"நீங்கள் மாத்திப் போடுவியள் எண்டு நினைச்சுத்தான் தங்கச்சி உங்களிட்டைத் தந்தனான்."

என்னிடம் பொய் சொல்ல முடியாது என்று சொன்னேனே, இந்த மனிதர் சொல்லிவிட்டார். அதுவும் எனக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு. வடை தின்ற கட்சிக்காரர்மேல் உள்ள கோபத்தையும் அவர் காட்ட வேண்டும், மச்சாளுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. இரண்டையும் சேர்த்து என் தலையில் கட்டியிருக்கிறார்.

"கோவம் உங்களுக்கு, பாவம் எனக்கோ?" என்றேன். "ரண்டாம் சுத்துக்கு நீங்களே போங்கோ. நான் மாட்டன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். முதல் சுற்றில் முன்னுக்கு வந்த இருவரில் ஒருவராக அந்தக் கட்சியின் வேட்பாளர் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். நடுவில் இரண்டு வாரம் அண்ணை கடைப்பக்கம் வரவேயில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் செய்தது சரி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இரண்டாம் சுற்றன்று, புரொக்குராசியோன் கொடுத்திருந்தாலும் கொடுத்தவர் நேரே வந்தால் அவரே போடலாம் என்பதால், அண்ணை காலையிலேயே பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றார். குசினிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நல்லநாள் பெருநாளுக்கு உடுத்துகிற சட்டை. என்னைக் கண்டு தலையாட்டினார். அவ்வளவுதான். மேசையில் இரண்டே கடதாசிக் கட்டுகள். இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனவர், வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை வெளியே வரவில்லை.

தேர்தல் முடிந்தது. ஆய்வின் இரண்டாம் முறைக் கேள்விகளோடு ஒரு திங்கள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அதே கதிரை, அதே தேநீர்; அண்ணையின் மனைவியும் அங்கே இருந்தார். ஒவ்வொரு கேள்வியாகப் போய், யாருக்குப் போட்டீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு வந்தேன். அந்தப் பிள்ளை வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் குசினிக்குத் திரும்பினாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நில்லு பிள்ளை," என்றார் அண்ணை. "இதிலை இரு."

அவள் கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப கேளுங்கோ தங்கச்சி. கொஞ்சம் பலத்துக் கேளுங்கோ. இவளுக்கும் கேக்கட்டும்."