ரொட்டி வண்டியில் விளக்கெரிந்த விஜயதசமி

பத்து வயதில் நான் ஒரு மின்துறை மேதை என்பதைச் சேலையூரே ஒப்புக்கொண்டது. சேலையூர் என்றால் எங்கள் தெருவில் நாலு வீடு. அந்தப் புகழை நம்பிப் பின்னாளில் மின்பொறியியலில் சேர்ந்து, அதிலிருந்து உயிரோடு வெளியே வர எனக்கு வெகுகாலம் பிடித்தது.

எல்லாம் சித்தப்பாவின் வண்டியால் வந்தது. மூடிப்போன ஒரு பேக்கரியின் வேனை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், ஒரு குட்டி ஃபேன், ஒரு விளக்கு என்று வைத்து அதை நடமாடும் வீடாக்கியிருந்தார். வயரிங் முழுக்க அவர் கைவேலை. பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா என்றாலும், ரேடியோவைப் பிரித்துப் பூட்டி, மிஞ்சிய திருகாணிகளை டப்பாவில் சேர்த்துவைக்கும் அளவுக்கு அனுபவம் உண்டு. வெயிலில் வண்டி சூடானால் பன் வாசனை கிளம்பும். ஏறியவுடன் எங்களுக்குப் பசிக்கும்.

சித்தி அந்த வண்டியைத் திட்டாத நாளில்லை. "இருக்கிற வீட்டுக்கே ஒட்டடை அடிக்க ஆளக் காணோம். இதுல சக்கரம் வச்ச வீடு வேற!"

விஜயதசமி அன்று சாயங்காலம் கொடைக்கானலுக்கு முதல் பயணம். முந்தின நாள் ஆயுதபூஜைக்காக, ஸ்பானர் முதல் ஃபியூஸ் வரை கழற்ற முடிந்ததையெல்லாம் சித்தப்பா கழற்றிச் சுத்தம் செய்து வைத்தார். கழற்றிவிட்ட வயர் முனைகளைக்கூட விடாமல் சித்தி சந்தனமும் குங்குமமும் இட்டாள். பூஜையன்று கருவியைத் தொடக் கூடாதாகையால், மறுநாள் காலையில்தான் அவர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஒரு பொட்டுகூடக் கலையாமல், அவ்வளவு பக்தியாக.

விளக்கைப் போட்டால் மின்மினிப் பூச்சி போல மினுங்கியது. கூடவே ஃபேனைப் போட்டால் பூச்சியும் செத்தது.

கேம்ப் ரோட்டிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒயரா இடியாப்பமா? பேட்டரி பூட்ச்சி."

"போன வாரம்தான்பா வாங்கினேன்."

"புச்சும் பூடும் சார்."

அவர் போனதும், வழியனுப்ப வந்திருந்த சித்தியின் அண்ணன், எங்களுக்கு மாமா, காபியை ரசித்துக் குடித்தபடி தீர்ப்பு சொன்னார். "மாப்ளே, ஆறு மணி வரைக்கும் பாருங்க. எரியலைன்னா படப்பை காயலான் கடைக்காரன்கிட்ட நானே பேசி முடிச்சுடறேன். நீங்க சரின்னா போதும்."

"அதைத்தான் நானும் சொல்றேண்ணா," என்றாள் சித்தி.

சித்தப்பா "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பேட்டரிக்கு முன்னால் குந்திக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, சுருட்டிய துணி ஒன்றைக் கையில் திணித்தாள். "வண்டிக்குள்ள சந்தனக் கறையாக் கிடக்கு. போய்த் தொடைச்சுட்டு வா. சீட்டுக்குக் கீழ ஒரு கறுப்பு ஒயர், வண்டித் தகட்டோட போல்ட் போட்டிருக்கும். மொதல்ல அது. கழட்டி, அடியிலயும் தொடை."

சொன்னபடி செய்தேன். வயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே சந்தனம் பொருக்காகக் காய்ந்திருந்தது. சுரண்டி, தகடு பளபளத்ததும் போல்ட்டை முறுக்கி, சுவிட்சைத் தட்டினேன்.

வண்டி முழுக்க வெளிச்சம். ஃபேன், பேக்கரி காலத்து மாவுத்தூசியையும் சேர்த்து என் முகத்தில் அடித்தது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினார். மாமா காபியை மறந்து, "பொண்ணுக்கு மூளைடா!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். அன்றிரவு நாங்கள் தாம்பரத்தைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கும் உரிமை எனக்கே கிடைத்தது. தேவையில்லாத இடத்திலெல்லாம் அடித்தேன்.

சித்தி மட்டும் வழக்கம்போல வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தாள், ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல்.

சந்தனம் துடைக்கக் கொடுத்த துணிக்குள், அந்த போல்ட்டுக்குச் சரியான ஸ்பானரும் ஒரு துண்டு உப்புத்தாளும் எதற்கு இருந்தன என்று மேதைக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.