பஞ்சு அன்னூர்த் தோட்டத்தில் இல்லை

நாச்சிமுத்து மாமா இறந்துவிட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக்.

இது அம்மாவின் ஐடி. எழுதுவது மகள், ஒன்பதாம் வகுப்பு.

மாமா எங்கள் பக்கத்து வீடு. பீளமேட்டில் கொரோனா தடுப்பூசியை விலங்குகளுக்குப் போட்டுச் சோதித்த ஒரு லேபில், முயல்களுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவும் வேலை.

ஊரடங்கில் சாயங்காலமானால் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"ஊசி போட்டா முயலுக்கு என்ன ஆகும் மாமா?"

"காய்ச்சல் வருதா, தீனி திங்குதான்னு பாப்போமுங்க அம்மணி. அப்பறம் காதோரத்துல ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி வந்துருக்குதான்னு டாக்டருங்க பாப்பாங்க."

முயல்களுக்கு நம்பர்தான், பெயர் கிடையாது என்றார். ஒன்றுக்காவது நான் வைக்கிறேன் என்றேன். பஞ்சு.

அன்றிலிருந்து எங்கள் மாடித் தொட்டி முள்ளங்கிக் கீரை பஞ்சுவுக்குத்தான். காலையில் கட்டிக் கொடுப்பேன். "உம்பட கீரையத்தான் மொதல்ல திங்குது. மத்ததெல்லாம் பொறாமைல பாக்குது" என்பார்.

டெஸ்ட் முடிந்ததும் பஞ்சுவை அன்னூரில் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். கீரையும் வேனில் போகிறதாம். பிறகு ஒருநாள், "பஞ்சு குட்டி போட்டிருக்குது அம்மணி!" வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன்.

பள்ளியில் எங்களுக்குத் தடுப்பூசி போட வந்தபோது, முந்தின நாளே பயந்து அழுதேன். மாமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "உனக்கு முன்னாடியே பஞ்சு போட்டுக்கிச்சு. இப்ப தோட்டத்துல குதிச்சுட்டுத் திரியுது. உனக்கென்ன பயம் கண்ணு?"

மறுநாள் வகுப்பில் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். பஞ்சுவை நம்பி.

இன்று துக்க வீட்டுக்கு மாமாவோடு வேலை பார்க்கும் அண்ணா ஒருவர் வந்திருந்தார். இனி பஞ்சுவுக்குக் கீரை யார் அனுப்புவார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அன்னூர்ல ஏது கண்ணு தோட்டம்? டெஸ்ட் முடிஞ்சா மயக்க ஊசி போட்டு முடிச்சுருவாங்க. நுரையீரல், ஈரலெல்லாம் எடுத்துப் பாத்தாத்தான மருந்து கெடுதல் பண்ணலைன்னு தெரியும்?"

அப்போ கீரை? வெளியிலிருந்து ஓர் இலைகூட உள்ளே போகாதாம். லேப் தீனி மட்டும்தானாம்.

அழுதுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "முள்ளங்கிக் கீரையா? வழியில சல்லிசாக் கெடச்சுதுன்னு என்ற கையில குடுப்பாரே... பொரியல் பண்ணுனா இன்னொரு கை சோறு சேத்தித் திம்பாரு."

யாரோ சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.

நான் கையை நீட்டிய அன்று பஞ்சு இல்லவே இல்லை. குட்டிகளும்...

கீரை வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே மாமா. குட்டி போட்டது என்று ஏன் சொன்னீர்கள்?

காலையில் உங்களுக்காக வைத்த கட்டு சுவர்மேல் வாடிக் கிடக்கிறது. நான் எடுக்கவில்லை.

போய்ட்டு வாங்க மாமா. பஞ்சுவைப் பற்றி இனி எதுவும் சொல்ல வேண்டாம்.