நாலு துளை

என் பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு அளவில் பதினோரு கற்கள். நாத்தனார் அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "இந்தப் பொடிக் கல்லுக்கா ரெண்டு வருஷமா வேலைக்கு டிமிக்கி குடுத்த?" என்றார். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த எனக்கு அந்தக் குரல் மட்டும் நன்றாகக் கேட்டது.

என் கணவரின் அக்கா அவர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருந்தார். கடையும் வீடும் அவர் சொல்படிதான் நடந்தன. என் கணவர் அக்காவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதே இல்லை. ரெண்டு வருடமாக, சாப்பிட்டு எழுந்தால் போதும், வலது விலாவுக்குக் கீழே துணியைப் பிழிவதுபோல் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாத்தனார் முதலில் வாய்வு என்றார், பிறகு நடிப்பு என்றார். கடையில் கூட்டம் நெரியும் பௌர்ணமி வந்தால்தான் எனக்கு வலியே வருமாம்.

டாக்டரம்மா வயிற்றைக் கிழிக்கவில்லை. நாலு துளை போட்டு, கேமரா விட்டுப் பித்தப்பையை எடுத்தார். கணவரையும் நாத்தனாரையும் நிறுத்தி வைத்து, "வெளிய தையல் சின்னதுதான். உள்ள ஆறணும். ஒரு மாசம் வெயிட் தூக்க விடாதீங்க" என்று சொல்லியனுப்பினார். இருவரும் தலையாட்டினார்கள்.

எட்டாம் நாள் பௌர்ணமி. மதியத்திலிருந்தே கூட்டம். நாத்தனார் என் அறை வாசலில் வந்து நின்றார். "எங்கம்மாவுக்கு ஒரு மொழம் கீறினாங்க. அது ஆபரேஷன். நீ நாலு பிளாஸ்திரி ஒட்டிக்கினு வந்து படுத்துக்கினு கீற. மாவு அண்டாவ எடுத்துக்கினு வா."

கடைக்குள் போய்க் கணவரைப் பார்த்தேன். அவர் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினேன். தொப்புள் அருகே ஏதோ பிரிவது தெரிந்தது. சேலை ஈரமானது. தொட்ட விரலில் ரத்தம். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன். பௌர்ணமியன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, மலையைச் சுற்றி வரும் அத்தனை பேருக்கும் எதிராக நடந்து போய்த்தான் ஆட்டோ பிடித்தேன்.

தையல் விட்ட இடத்தில் பிறகு குடல் இறங்கியது. இந்த முறை வயிற்றைத் திறந்து, உள்ளே செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். நாத்தனார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வயிற்றில் போட்டிருந்த பெரிய கட்டைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. "இது பெரிய ஆபரேஷன்தான்" என்றார், மரியாதையாக. அவருடைய ஏச்சையெல்லாம்கூட மறந்திருப்பேன். அந்த இளக்கத்தை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என் வலியை நம்ப அவருக்கு ஒரு நீளத் தழும்பு வேண்டியிருந்தது. அதைப் போட வைத்தவரும் அவரே. அதன்பின் நான் அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. ஆசிரமப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன வருடம் நாத்தனார் இறந்துபோனார். பந்தலடியில் கணவர் என்னருகே வந்து, "ஊரே பாக்குது. ஒரு சொட்டு கண்ணீர் விடக் கூடாதா?" என்றார். அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசாதவர், என்னிடம் அக்காவுக்காகப் பேச வந்திருந்தார்.

"நீங்க அழுங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு டீ ஊற்றப் போனேன்.