சூடானால் நிற்கும் கார்

கார் பழுது பார்க்கும் பட்டறையில் தங்கைக்கு உடும்பு என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள். ஆனால் அக்காவின் பழைய கார் அந்தப் பெயரையே கெடுத்துக்கொண்டிருந்தது.

அக்கா வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள். கார் நடுவழியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சோதனைக் கருவி கைகாட்டிய சென்சாரைத் தங்கை மாற்றியும் பார்த்தாயிற்று. போன வாரம் அக்கா போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்தான். அக்காவுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று.

"சாயங்காலம் வரைக்கும் பாரு. சரியாகலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன். இந்த வண்டிய நம்பி யாருக்கும் வர்றேன்னு வாக்குக் குடுக்க முடியல."

தங்கைக்குச் சுருக்கென்றது. அக்கா சொன்னதில் தப்பில்லை என்பது இன்னும் வலித்தது.

பானெட்டைத் திறந்தபோதுதான் தன் மடத்தனம் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி ஆறிய பிறகே பட்டறைக்கு வரும். அவளும் ஆறிய எஞ்சினை அளந்துவிட்டு, எல்லாம் சரி என்பாள். காய்ச்சல் விட்ட பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்த கதைதான்.

எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் இன்னொரு சென்சார் மேல் அவளுக்குச் சந்தேகம். வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். எஞ்சினை ஓடவிட்டு, அந்த ஒன்றின் மேல் மட்டும் சூடான காற்றை அடித்தாள்.

"என்னம்மா, வண்டிக்குத் தலை காயவைக்கிறியா?" என்றார் பட்டறைப் பெயிண்டர்.

அவள் டிரையரை நகர்த்தவே இல்லை. கை கடுத்தது, மாற்றிப் பிடித்தாள். சட்டென்று எஞ்சின் நின்றது. ஈரத்துணி போட்டு ஆறவைத்தாள், கிளம்பியது. மறுபடி சூடாக்கினாள், மறுபடி நின்றது. ஒரு வண்டி நின்றதற்கு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

புதுச் சென்சாரை மாட்டி, உச்சி வெயிலில் நெரிசலுக்குள்ளேயே ஓட்டினாள். திரும்பி வந்து டிரையரையும் பிடித்தாள். நிற்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். நடந்ததைத் தங்கை சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. யாருக்கோ வலி எடுத்துவிட்டது.

அக்கா காரைப் பார்த்தாள். வாடகை வண்டி வருமா என்று தெருவையும் பார்த்தாள். அதைக் கண்ட தங்கை ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"வழியில ஏதாவது ஆச்சுன்னா..."

அக்கா பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சூடாக்கி நிறுத்திப் பாத்தது நீதானே? அப்புறம் என்ன," என்றபடி ஏறி உட்கார்ந்து, போனில் சொன்னாள்: "கெளம்பிட்டேம்மா. வந்துடுவேன்."