வலைமேல் படுத்தவர் யார்?

ஓவியக் கல்லூரியில் கலை வரலாறு என்று வருடக்கணக்கில் காட்டிய படங்களில் பாதி ஒரே படம்தான். ஒரு பெண் துணியில்லாமல் சாய்ந்து படுத்திருப்பாள். முழுக்க உடுத்திய ஆண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவளுக்குக் குளிராதா என்று ஒருமுறை கேட்டேன். வாத்தியார் என்னை வெளியே அனுப்பினார்.

கல்யாணமாகிப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பத்துக்கு வந்த பிறகு அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டேன். வலைக் குவியல்மேல் ஒரு ஆண், வெறும் கோவணத்தோடு. சுற்றிலும் பெண்கள், இறால் கூடையும் கையுமாக, அவசரமில்லாமல் அவரைப் பார்க்கிறார்கள். படுக்க ஆள் வேண்டுமே? என் வீட்டுக்காரர் நான்கு நாள் படுத்தார். ஒரே நிபந்தனை: "மூஞ்சி தெரியக் கூடாது." துண்டால் மூடிக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

படத்தை வாசலில் காயவைத்தேன். மீன் விற்கக் கிளம்பிய பெண்கள் நின்றார்கள்.

"ஐயே, இது எங்க ஊட்டுக்காரரு தொப்பையில்ல?" என்றாள் ஒருத்தி.

"போடி, அந்தக் காலு எங்க ஊட்டுக்காரருது" என்றாள் இன்னொருத்தி.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய், வலையைத் தொட்டே பல வருஷமானவரின் மனைவிகூட உரிமை கொண்டாடினாள். மத்தியானத்துக்குள் படத்துக்கு நான்கு புருஷன்மார் கிடைத்துவிட்டார்கள். சாயங்காலம் அந்த நால்வரும் ஊர்க்கூட்டத்தில் பிராது வைத்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி வரைந்தாள்? அதைவிட, எப்போது பார்த்தாள்?

எங்கள் ஏரியில் இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்துத்தான் வலை விடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கூட்டம் கோபித்தால் நம் முறையை நிறுத்திவிடும். அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும். கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. பெண்டாட்டி செய்ததற்கும் புருஷன்தான் எழுந்து நிற்க வேண்டும். நான் மற்றப் பெண்களோடு சுவருக்குப் பின்னால் நின்றேன்.

"அது நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்து.

கூட்டம் சிரித்தது. "பொண்டாட்டிய காப்பாத்த பொய் சொல்றான்பா. எந்த ஆம்பள கோமணத்தோட நாலு நாளு படுத்துக்கினு இருப்பான்?"

அவர் என்ன நினைத்தாரோ, சட்டையைக் கழற்றினார். லுங்கியை அவிழ்த்தார், நல்லவேளை, உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. ஓரமாகக் கிடந்த வலைமேல் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். படத்தில் இருப்பது இவர்தானா என்று ஆண்களால் சொல்ல முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஊர்த்தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்: "யம்மா, நீங்களே வந்து பாத்து சொல்லுங்க."

பெண்கள் முதல்முறையாகக் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். நானும் போனேன். அவரைச் சுற்றி வந்தார்கள், குனிந்தார்கள், ஒருத்தி தொப்பையை விரலால் அழுத்தியே பார்த்தாள்.

"இவரேதான். எங்க ஊட்டுக்காரருக்கு இத்தினி முடி கெடையாது" என்று உரிமையைக் கைவிட்டாள். மற்ற மூவரும் மனசில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். பாடு தப்பியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலைவருக்கு மட்டும் ஆறவில்லை. "நாலு நாளு எப்பிடிடா சும்மா படுத்துக்கினு இருந்த?" என்றார்.

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவ பாத்துக்கினே இருந்தாண்ணே. என்னிய யாரும் இம்மா நேரம் பாத்ததே இல்ல."

என் சிரிப்பு நின்றது. அந்த நான்கு நாளும் நான் பார்த்தது, அவர் வயிற்றின்மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை மட்டும்தான்.