இடுப்பில் போட்ட ஊசி

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் எதற்கெடுத்தாலும் ஊசிதான். தலைவலியா, ஊசி. தறி ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டதா, ஊசி. வெறும் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரை யாரும் மதிப்பதில்லை. என் அப்பாவும் அந்தக் கட்சிதான்.

அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறு. ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடக்கூடாது என்று, ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைத் தவறாமல் விழுங்குவார். எங்கே ஊசி போட்டாலும் இந்த மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும் என்று திருப்பதி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யார் கேட்டது?

அன்று பவர்லூம் முன்னால் நின்றிருந்தவருக்கு நெஞ்சை அடைத்தது. வாயு என்று அவரே முடிவு செய்து, தெருக்கோடி ஊசிக்காரரிடம் போய் இடுப்பில் ஒன்று போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தார்.

"மாத்திர துன்றத சொன்னியா நைனா?" என்று கேட்டேன்.

"வாயுவுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? டீ போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ ஆறுவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. காரில் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு ஓடினோம். வடமாலபேட்டை தாண்டும்போது இடுப்பு வலிக்கிறது என்று புரண்டார். வேட்டியை விலக்கிப் பார்த்தேன். ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாக வேண்டும். வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இன்னும் இரண்டு மாத்திரை சேர்க்க வேண்டும். சேர்த்தால் ஊசி குத்தின இடத்தில் இடுப்புக்குள் ரத்தம் கசிவது நிற்காது. சேர்க்காவிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

வைத்தார்கள். நெஞ்சுவலி நின்றது, கசிவு நிற்கவில்லை. தொடை முழுக்கக் கறுத்தது. ரத்தம் ஏற்ற ஏற்ற உள்ளேயே வடிந்தது. வேறு வழியில்லாமல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். அதைச் சொன்னபோது டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேள, அந்த ஊசி போட்டுக்கினேன். இல்லன்னா வழியிலயே பூட்டிருப்பேன். ஊருக்குப் போனதும் ஊசி போட்டவராண்ட நான் சொன்னேன்னு சொல்லும்மா."

கத்த வேண்டும் போலிருந்தது. "சரி நைனா" என்றேன்.

மறுநாள் காலை ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். வீட்டுக்கு ஊசிக்காரர் மாலையோடு வந்து, என் எதிரில் நின்று அழுதார். அப்பா சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை.